கடைசி ஆளாக நின்ற சடையன்

போன ஞாயிற்றுக்கிழமை மலை மேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் பாஸ்கட் பால் ஆட்டம் நடந்தது.

ஒரு சமயம் பந்து சடையன் கைக்கு வந்தது. முன்னால் ஒருவருமே இல்லை. கம்பமும் பலகையும் வளையமும் மட்டும்தான். நாலு எட்டு வைத்து எம்பினால் பந்து உள்ளே விழுந்துவிடும்.

சடையன் ஓடினார். வளையத்துக்குக் கிட்டே போனார். நின்றார். திரும்பிப் பார்த்தார்!

பின்னால் வந்துகொண்டிருந்த தன் டீம் ஆட்களுக்காகக் காத்திருந்தார். அவர்கள் வந்து சேர்வதற்குள் எதிர் டீமும் வந்து சேர்ந்துவிட்டது. பந்து பறிபோனது.

கீழே இருந்து லாரி பிடித்து வந்திருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஏப்பா, பஸ்ஸுக்கா காத்துட்டு நிக்கறே?" என்று ஒருவர் கத்தினார். சடையனின் மாமனார் பெரியண்ணனும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார்.

எங்கள் மலை ஆட்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ஏன்? சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிட வேண்டும்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு தையல் மெஷின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். எங்கள் பையன்களுக்கு நம்பர் போட்ட பனியன் தைத்துக் கொடுத்ததும் நான்தான். பையன்கள் என்று வழக்கத்தில் சொல்கிறேனே தவிர, அவர்களில் பாதிப் பேருக்குக் குழந்தை குட்டி இருக்கிறது. ஆட்டத்தில் பனியன் கிழியும் அல்லவா? அதனால் ஊசியும் நூலுமாக ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. அளவு எடுக்கும்போதுகூடத் தோள்பட்டையைப் பார்த்தே பேசி முடித்துவிடுவேன். ஆனால் ஆட்டம் பார்ப்பது எனக்குச் சௌகரியம். எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். நம்மை யாரும் பார்க்க மாட்டார்கள்!

மலை மேல் பாஸ்கட் பால் எப்படி வந்தது? டிரில் மாஸ்டர் ஒருவர் கொண்டுவந்தார். இரண்டு கம்பம் நட்டு, பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். கம்பம் போகவில்லை. அந்தப் பையன்கள் வளர்ந்து, மிளகு பறித்து, கல்யாணம் கட்டி, இன்னமும் காட்டு வேலை முடிந்த சாயங்காலங்களில் அங்கேதான் ஆடுகிறார்கள்.

எதிரே ஆட வந்தது ஒரு மில் டீம். சேலம் பக்கம். அவர்களுக்குப் பேருக்குத்தான் மில் வேலை... காலையும் மாலையும் பந்தாட்டம்தான் வேலை. ஆடுவதற்கே சம்பளம்! கோயில் திருவிழாவை ஒட்டி வேடிக்கையாக ஓர் ஆட்டம் என்று மலைக்கு வந்திருந்தார்கள். கூடவே கண்ணாடி போட்ட மில் ஆபீசர் ஒருவரும் ஜீப்பில் வந்தார்.

ஆபீசர் வருகிறார் என்றதும் ஒரு பேச்சு கிளம்பியது. "டீமுக்கு ஓர் ஆள் தேவைப்படுது. நல்லா ஆடற ஆள் கண்ணுல பட்டா மில்லுல சேர்த்துக்குவாங்க" என்று.

இந்தப் பேச்சு யாருக்கு எப்படியோ, சடையனுக்கு உயிர்.

சடையனின் மனைவி கண்ணம்மா பிரசவத்துக்குச் சேந்தமங்கலத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனார். பெண் குழந்தை பிறந்தது. குழந்தை இப்போது தவழ்கிறது. கண்ணம்மா இன்னும் மலை திரும்பவில்லை. பெரியண்ணன் விடவில்லை. அவரும் மலையில் பிறந்தவர்தான், கீழே போய் மூட்டை தூக்கி நிலைத்தவர். "மழை புடிச்சா வழியும் இல்ல, வைத்தியரும் இல்ல. கீழ ஒரு நல்ல வேலையைத் தேடிக்கிட்டு வந்து உன் பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டுப் போ மாப்ளே" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சடையன் வாரம் ஒருமுறை மலையிறங்கிப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி வருவார்.

ஆக, ஆபீசர் கண்ணில் பட வேண்டும். அதுவும் மாமனார் முன்னிலையில் பட வேண்டும்.

பட்டார்! வளையத்துக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்த்தவராக.

இனி மில் டீம் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்டத்தின் சூட்சுமமெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். தப்பிருந்தால் விவரம் தெரிந்த வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் வளையத்தைப் பார்த்துப் பந்தை எறிகிறோம். உள்ளே விழவில்லை. பலகையில் பட்டுத் திரும்புகிறது. எதிராளி ஒருவன் எம்பிப் பிடிக்கிறான். பிடித்தவன் மூச்சு வாங்க நிற்பதில்லை. கால் தரையில் படுவதற்குள் ஓரமாக நிற்கும் தன் ஆளுக்குத் தள்ளிவிடுகிறான். அவன் நடுவில் ஓடுகிறவனுக்குக் கொடுக்கிறான். நடுவில் ஓடுகிறவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் பறக்கிறார்கள். 'அடடா, விழவில்லையே' என்று நாம் வருத்தப்பட்டு முடிப்பதற்குள் நம் வளையத்தில் பந்து விழுந்துவிடுகிறது.

இதற்குப் பாஸ்ட் பிரேக் என்று பெயராம். வெறும் வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் திரும்பி வருவதற்குள் ஆள் பலத்தில் மிஞ்சிவிடுவதுதான் விஷயம். அந்தப் பக்கம் மூன்று பேர் வருகிறார்கள். இந்தப் பக்கம் ஒருவர்... அல்லது யாருமே இல்லை.

எங்கள் பக்கம் யாருமே இல்லை! பந்து பலகையில் பட்டதும் ஐந்து பேரும் அதன் அடியில் போய்க் குவிந்தார்கள். கை நீட்டினார்கள், எம்பினார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். மில் டீமில் ஜமால் என்று ஒருவர். ஒல்லி உடம்பு, மான் மாதிரி கால். பந்து அவர் கைக்குப் போய்விட்டால் பிறகு அவர் முதுகைத்தான் பார்க்கலாம். திரும்பத் திரும்ப அதே ஓட்டம், அதே கூடை. கீழ்க் கூட்டம் விசிலடித்தது.

பாதி ஆட்டம் முடிந்தபோது நிலைமை பரிதாபம். எங்கள் ஆட்கள் பலா மரத்தடிக்கு வந்தார்கள். சடையன் தோளில் கிழிந்த பனியனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் ஊசியில் நூல் கோத்தேன்.

பொன்னுசாமி பொரிந்து தள்ளினார். டீமில் குறி பார்த்துப் போடுவதில் அவர்தான் கெட்டிக்காரர். சடையனுக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி.

"ஏன்டா நின்னே? போட்டிருந்தா கூடையில்ல!"

"நீங்க ஒருத்தரும் வரலியேடா. உட்டுட்டு எப்படிப் போறது?"

"இது பந்தாட்டம்டா சாமி! சந்தைக்குப் போற பாதையா?"

"சந்தைக்குப் போற மாதிரியே ஆடுனாத்தான் என்னங்கறேன்?"

குரல் பின்னாலிருந்து வந்தது. கண்ணம்மா. இடுப்பில் குழந்தை. அப்பாவோடு லாரியில் வந்திருந்தவர், புருஷனுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்.

இந்த இடத்தில் கீழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரோடு போட்டு பஸ் வர ஆரம்பித்த பிறகும், எங்கள் சனங்களில் பலர் பலாப்பழத்தையும் மிளகு மூட்டையையும் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில்தான் சந்தைக்கு இறங்குகிறார்கள். வரிசையாகப் போவார்கள். முன்னால் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பார். பின்னால் வருகிறவர் கண்ணில் பட்ட பிறகுதான் அடுத்த எட்டு வைப்பார். கடைசியில் ஓர் ஆள் வருவார். அவர் யாரையும் முந்தக் கூடாது. யாராவது வழுக்கி விழுந்தால் அவரையும் தூக்க வேண்டும், அவர் சுமையையும் தூக்க வேண்டும். அதனால் இருப்பதிலேயே பலமான ஆளைத்தான் கடைசியில் விடுவார்கள்.

கடைசி என்றால் கீழே தோற்றவன் இடம். மேலே அது கெட்டிக்காரன் இடம்.

புரிகிறதா, சடையன் ஏன் திரும்பிப் பார்த்தார் என்று? பிறந்ததிலிருந்து பழகிய கால். முன்னால் போனால் நிற்கும்!

கண்ணம்மா சொன்னார்: "முன்னாடி போறவங்க நிக்கறாங்க, சரி. கடைசி ஆள் எங்க? அஞ்சு பேரும் பந்து பொறுக்கப் போயிட்டா வழியில ஆரு இருக்கறாங்க? அந்தக் கால்நீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் காலியான வழியிலதான போறாரு?"

ஐந்து பேரும் திரும்பித் தங்கள் வளையத்தைப் பார்த்தார்கள்.

ஓர் ஆள் பின்னாலேயே நிற்க வேண்டும். ஜமாலுக்கு ஈடுகொடுக்கிற கால் வேண்டும். அப்படிப்பட்ட கால் டீமில் ஒருவருக்குத்தான் இருந்தது. எல்லாரும் சடையனைப் பார்த்தார்கள்.

நான் தைத்து முடித்த பனியனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆபீசரைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"பின்னாடி நின்னா கூடை போட முடியாது புள்ள. அந்த ஆபீசர் கண்ணுல படவே மாட்டேன்" என்றார், மெதுவாக.

கண்ணம்மா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினார். மாற்றுவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"நீங்க முன்னாடி ஓடுனாலும் திரும்பித்தான் பார்ப்பீங்க. அதுக்குப் பின்னாடியே நின்னுக்குங்க" என்றார்.

பொன்னுசாமிகூடச் சிரித்துவிட்டார். சடையன் பனியனை வாங்கி மாட்டிக்கொண்டார்.

அடுத்த பாதி ஆட்டத்தை நான் ஊசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

எங்கள் ஆட்கள் பந்தை எறிந்தார்கள். விழவில்லை. மில் ஆள் எம்பிப் பிடித்தார். வழக்கம் போல் ஓரத்து ஆளுக்குத் தள்ளப் பார்த்தார். முடியவில்லை! பொன்னுசாமி அவர் முகத்துக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பந்தைப் பிடுங்கவில்லை, தொடவும் இல்லை. முதல் பாஸைத் தாமதப்படுத்தினார், அவ்வளவுதான். இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, ஒரு வழியாக ஜமாலுக்குப் பந்து போவதற்குள் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பாதி வழி திரும்பிவிட்டார்கள்.

ஆனாலும் ஜமால் ஜமால்தான். பறந்து வந்தார். நடுவில் சடையன்.

மற்றவர்களாக இருந்தால் பந்தின் மேல் பாய்ந்திருப்பார்கள். பாய்ந்தவரைச் சுற்றிக்கொண்டு போவது ஜமாலுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. சடையன் பாயவில்லை. கைகளை அகல விரித்துக்கொண்டு, சுமையோடு இறக்கத்தில் பின்வாங்குகிறவர் போல, அடி அடியாகப் பின்னால் போனார். வளையத்துக்குப் போகிற நடு வழியை மட்டும் விடவில்லை. ஓரத்தை விட்டுக் கொடுத்தார். ஜமால் ஓரத்தில் ஒதுங்கினார், வேகம் குறைந்தது. அதற்குள் மற்ற நாலு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

பாஸ்ட் பிரேக்குக்கு மாற்று என்ன என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஓடுகிறவனை ஓடிப் பிடிக்கப் போகாதே. அவன் கிளம்புவதைக் கொஞ்சம் தாமதமாக்கு. வழியில் ஓர் ஆளை நிறுத்து. அந்த ஆள் வீரம் காட்டாமல் நம்மவர்கள் வந்து சேரும் வரை நேரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

போதும் என்று சுலபமாக எழுதிவிட்டேன். நிற்கிறவருக்கல்லவா தெரியும்!

"மாப்ளே! அங்க என்ன கொல்லைக்கா காவல் காக்கறே? முன்னாடி போ மாப்ளே! கூடையைப் போடு!" பெரியண்ணன் தொண்டை கிழியக் கத்தினார்.

சடையன் திரும்பவில்லை.

ஒரு முறை பந்து வெளியே போனபோது ஜமால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரிடமே கேட்டார். "ஏனுங்க, உங்களுக்குக் கூடை போடற ஆசையே இல்லீங்களா?"

"ஆசைதானுங்க. ஆனா நீங்க போகோணுமே?"

"நான் போக மாட்டேனுங்க."

"அப்ப நானும் இங்கதானுங்க."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

ஜமாலின் வழி அடைபட்டதும் எங்கள் பக்கம் கூடை விழ ஆரம்பித்தது. பொன்னுசாமி போட்டார், மறுபடியும் போட்டார். ஆபீசர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கண்ணாடிக்குள் அவர் கண் பொன்னுசாமியோடேயே போனது, வந்தது. கடைசி நிமிஷத்தில் எங்கள் டீம் ஒரு பாயிண்ட் முன்னால்! மலையே எழுந்து நின்றது.

மில் டீமும் லேசுப்பட்டதல்ல. ஓர் ஆள் நின்றால் இரண்டு பேராக வருவோம் என்று வந்தார்கள். ஜமால் ஒரு பக்கம், இன்னொருவர் மறு பக்கம், நடுவில் தனியாகச் சடையன். இவர் பக்கம் ஓர் எட்டு, அவர் பக்கம் ஓர் எட்டு... போவது போலக் காட்டி எந்தப் பக்கமும் போகாமல், நம் ஆட்கள் திரும்பும் வரை இழுத்துவிட்டார். வளையத்துக்குக் கிட்டே வர வழியில்லை. ஜமால் எட்டத்திலிருந்தே எம்பி எறிந்தார்.

அவ்வளவு தூரத்திலிருந்து யார் போட முடியும்?

போட்டுவிட்டார். ஆட்டம் முடிந்ததற்கு விசிலும் ஊதிவிட்டார்கள்.

கூடைக்கு இரண்டு பாயிண்ட். ஒரே ஒரு பாயிண்ட்டில் தோற்றோம்.

கீழ்க் கூட்டம் ஜமாலைத் தூக்கிக்கொண்டது. ஆபீசர் எழுந்து நேராகப் பொன்னுசாமியிடம் போய்க் கை கொடுத்தார். முதுகில் தட்டினார், பெயர் கேட்டார். சடையன் கம்பத்தடியில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் போனவர் பெரியண்ணன்தான், பின்னாலேயே கண்ணம்மாவும்.

"பின்னாடி நின்னு என்னத்தைக் கண்டே மாப்ளே? ஒரு கூடை... ஒரே ஒரு கூடை போட்டிருந்தா அந்த மனுசன் உன்னைப் பார்த்திருப்பாரில்ல?"

"நான்தான் நிக்கச் சொன்னேனுங்கப்பா" என்றார் கண்ணம்மா.

பெரியண்ணன் மகளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார்.

எனக்கு ஊசி கையில் குத்தியது. அப்போதுதான் கவனித்தேன், அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

கொஞ்ச நேரத்தில் என் முன்னால் ஒரு பனியன் நீண்டது. விலாப் பக்கம் கிழிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால், ஜமால்! "அண்ணே, இதைக் கொஞ்சம் புடிச்சுக் குடுங்க. நாளைக்கு வேற ஊர்ல ஆட்டம்." வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேடிக்கொண்டு ஆபீசர் வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு தைத்தேன். தைக்கிறவனுக்குக் காது இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

"ஜமால், அந்தப் பொன்னுசாமியை எடுத்துக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றே?"

"நல்லா போடறாருங்க சார். ஆனா போடறதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்குதுங்க. பின்னாடி நின்னாரே, சடையன்... அவரைக் கூட்டிட்டு வாங்க சார். நாங்க எல்லாரும் முன்னாடி ஓடிடறோம். நம்ம பக்கம் வழியில ஆருமே இல்ல."

"அவனா? அவன் எத்தனை கூடை போட்டான்?"

"அதைக் கேக்காதீங்க சார். அவர் அங்க வந்து நின்னதுக்கப்புறம் நான் எத்தனை போட்டேன்னு கேளுங்க."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு கம்பத்தடியைப் பார்த்தார். அங்கே சடையன் குழந்தையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கி, வளையத்தைத் தொடச் சொல்லி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஆபீசர் போய் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்கு மெஷினில் மனம் ஓடவில்லை. யோசித்துப் பார்த்தால், நாம் எல்லாருமே அந்த ஆபீசர் மாதிரிதானே? போட்டவரைத்தான் எண்ணுகிறோம். போடவிடாமல் தடுத்தவருக்கு என்ன கணக்கு இருக்கிறது? உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர் யார்? எல்லாரும் படுத்த பிறகு கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுப் படுக்கிறவர் யார்? அவர் இல்லாமல் ஒரு நாள் இருந்து பாருங்கள். அன்றைக்குத் தெரியும்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் வந்து நின்றது. பெரியண்ணன் முதலில் இறங்கினார். இறங்கும்போதே கண்டக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க மாப்ளைங்க... பின்னாடி நிக்கற ஆளு! முன்னாடி ஓடறவன் ஆயிரம் பேரு இருப்பானுங்க. பின்னாடி நிக்கறதுக்கு ஆள் வேணுமில்லீங்க?"

பின்னாலேயே கண்ணம்மா, குழந்தை. எல்லாரும் இறங்கின பிறகு சடையன். கையில் காக்கித் துணி.

"மில்லுல கூப்பிட்டு அனுப்புனாங்கண்ணா. மூணு மாசம் வெச்சுப் பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க" என்றார். "மில்லுக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துருக்கேன். ஊட்டுச் சாமானெல்லாம் எடுத்துட்டுப் போகலாம்னு வந்தோம். அப்படியே ஒரு பேண்ட்டும்..."

"பொன்னுசாமி?" என்று கேட்டேன், தோள்பட்டையைப் பார்த்தபடி.

"அடுத்த வருசம் பாக்கலாம்னாங்களாம். அதுவரைக்கும் அங்க நிக்கிறேன், அவன் வந்து சேரட்டும்னு சொல்லியிருக்கேன்."

திருப்பத்தில் நிற்கிற பழக்கம். மில்லுக்குப் போனாலும் போகாது போலிருக்கிறது!

அளவு எடுத்தேன். பேண்ட்டுக்கு முழங்காலில் மட்டும் கொஞ்சம் தாராளமாகத் துணி விட்டுத் தைத்திருக்கிறேன் — நிற்கிற மனிதர்தான், ஆனாலும் எப்போது ஓட வேண்டி வரும் என்று யாருக்குத் தெரியும்?